களத்தில் இல்லாதவர்கள்: வன்னி பற்றிய மாணவர் திரைப்பட ஆய்வுகள்

கடந்த இரண்டு வருடங்களுக்குள் வன்னியையும் சினிமாவையும் சேர்த்துப் பேசும் நான்கு மாணவர் ஆய்வு முன்மொழிவுகள் என் கைக்கு வந்தன. இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக இரண்டு, முதுகலைமாணிக்காக ஒன்று, டிப்ளோமாவுக்காக ஒன்று. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பது இங்கே அவசியமில்லை. "ஒருக்கா வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க சேர்" என்று பிள்ளைகள் அனுப்பிவைத்தவை. வாசித்தேன். நான்கிலும் உழைப்பு இருந்தது. நான்கிலும் முஸ்லிம்கள் இல்லை.

இதைச் சொன்னதும், "எதை எடுத்தாலும் எங்கட ஆக்கள் எங்கே எண்டு தேடுறதுதான் உங்களுக்கு வேலை" என்று சிலர் சலித்துக்கொள்ளக்கூடும். பங்கு கேட்டு நான் இதை எழுதவில்லை. ஆய்வு முறை பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு மக்கள்கூட்டம் விடுபட்டதால் அந்த ஆய்வுகளின் முடிவே பிழைத்துப்போகிறது என்பதுதான் என் வாதம்.

முதல் மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன படத்தில் ஈழத்தமிழர் பிரதிநிதித்துவம், ஒரு பகுப்பாய்வு. தலைப்பில் படத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றில் 'கன்னத்தில் முத்தமிட்டால்', மற்றதில் 'தீபன்', மூன்றாவதில் 'ஆணிவேர்'. மாணவர்கள் ஏன் இப்படியான தலைப்புகளுக்குப் போகிறார்கள் என்பது விளங்காமல் இல்லை. ஒரு லெப்டொப்பும் டேட்டாவும் இருந்தால் அறைக்குள்ளேயே ஆய்வு முடிந்துவிடும். பஸ் காசு தேவையில்லை. பிரதேச செயலகத்தில் அனுமதிக் கடிதத்துக்குக் காத்துக்கிடக்கத் தேவையில்லை. மேற்பார்வையாளரும் கேள்வி கேட்காமல் ஒப்பமிடுவார். கையில் காசில்லாத பிள்ளைக்கு அது நியாயமான தெரிவுதான். படத்தை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வு இரண்டாந்தர ஆய்வு என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அப்படிச் செய்வதென்றால் படத்தின் திகதியையும் இடத்தின் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று பேரும் அதைச் செய்யவில்லை.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரி 14இல் வெளிவந்தது. எட்டு நாட்களில், 22ஆம் திகதி, அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. படம் மாங்குளத்தில் ஒரு கல்யாணத்தோடு தொடங்குகிறது. அந்தப் பெண் அகதியாகி இராமேஸ்வரம் போய், அங்கே பெற்ற குழந்தையை விட்டுவிட்டுத் திரும்புகிறாள். அந்தக் குழந்தை அமுதாவுக்கு ஒன்பது வயதாகும்போது பெற்ற தாயைத் தேடும் கதை நடக்கிறது. படத்தின் நிகழ்காலம் படம் வெளிவந்த காலந்தான் என்று கொண்டால், அந்தக் கல்யாணம் 1992ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டும். அதாவது 1990 ஒக்டோபருக்கு ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்குப் பிறகு.

1990 ஒக்டோபர் என்றால் என்ன என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மாதத்தின் பிற்பகுதியில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய 75,000 பேர். வன்னியில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, சாளம்பைக்குளம் என்று ஊர் ஊராகக் காலியானது. ஆக, மணிரத்னம் காட்டும் அந்த வன்னிக் கிராமத்தில் ஒரு தொப்பியோ முக்காடோ கண்ணில் படாதது யதார்த்தத்துக்குப் பொருத்தம்தான்! 1992இல் அங்கே நாங்கள் இல்லை. ஆனால் அந்தப் பொருத்தம் படத்துக்குத் தெரியாமலே நேர்ந்துவிட்டது. வெளியேற்றம் நடக்காதிருந்தாலும் அந்தக் காட்சி இப்படியேதான் இருந்திருக்கும். வன்னி என்றால் கோயில், காடு, இயக்கம், இராணுவம் என்ற படம் சென்னையில் ஏற்கெனவே தயாராக இருந்தது. மாங்குளம் மாங்குளத்தில் படமாக்கப்படவுமில்லை. போர்க்காலத்தில் அதற்கு வழியும் இருக்கவில்லை. இப்படியொரு பத்தியை அந்த மாணவர் எழுதியிருந்தால் பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் கிடைத்திருக்கும். எழுபது பக்கத்தில் தாய்மை, தாய்நாடு, உருவகம் என்றே போய்விட்டது.

'தீபன்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜாக் ஓடியார் இயக்கி 2015இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற படம். எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தது. அதில் இலங்கை வருவது தொடக்கத்தில் சில நிமிடங்கள்தான், மீதி பாரிஸ் புறநகர். வன்னி பற்றிய ஆய்வுக்கு அதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "விருது கிடைச்ச படம் சேர், எழுத நிறைய இருக்கு" என்றார். எழுத நிறைய இருக்கிறது, உண்மை. அவையெல்லாம் பிரான்ஸைப் பற்றியவை.

'ஆணிவேர்' வேறு மாதிரி. ஜான் மகேந்திரன் இயக்கத்தில், நந்தாவும் மதுமிதாவும் நடித்து, போர்நிறுத்தக் காலத்தில் வன்னிக்குள்ளேயே எடுக்கப்பட்டு 2006இல் வந்தது. அவருடைய தகப்பனார், 'உதிரிப்பூக்கள்' மகேந்திரனும் அந்தக் காலத்தில் கிளிநொச்சிக்கு வந்து திரைப்படப் பயிற்சி நடத்தினார். கதையின் பிரசாரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடிகர்களுக்குப் பின்னால் தெரியும் வீதியையும் வீட்டையும் பாருங்கள். அந்த நிலப்பரப்பில் 2009க்குப் பிறகு மிஞ்சியது கொஞ்சம். சினிமா தன்னை அறியாமலே ஆவணமாகும் இடம் அது. மாணவர் அதைத் தொட்டிருக்கிறார், ஆனால் ஒரே ஒரு பத்தியில். அந்தப் பத்தியைத்தான் ஆய்வேடாக விரிக்கச் சொன்னேன்.

நான்காவது முன்மொழிவுதான் என்னை உட்காரவைத்து எழுதவைத்தது. அது ஒரு மாணவியுடையது. அவர் படங்களை விட்டுவிட்டு, படம் பார்த்தவர்களைப் பற்றி ஆராயப் போகிறார். போருக்கு முன்னும் போர்க்காலத்திலும் வன்னி மக்கள் எப்படி, எங்கே, யாரோடு படம் பார்த்தார்கள் என்பது அவருடைய கேள்வி. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கேள்வி. 1990 தொடக்கம் போர் முடியும்வரை வன்னியின் பெரும்பகுதிக்குத் தேசிய மின்விநியோகம் இல்லை. எரிபொருளுக்கும் பெற்றரிக்கும் பொருளாதாரத் தடை. அப்படியிருந்தும் ஜெனரேற்றர் வைத்து, டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த சனம் அது. புலிகளின் 'நிதர்சனம்' பிரிவு தனியே வீடியோக்களைத் தயாரித்தது, 2005இல் ஒரு தொலைக்காட்சியும் வந்தது. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. இதையெல்லாம் பார்த்தவர்களின் வாயால் கேட்டு எழுதிவைக்க இன்னும் பத்துப் பதினைந்து வருடந்தான் அவகாசம்.

முன்மொழிவின் ஆறாவது பக்கத்தில் ஆய்வுக் களம் என்ற தலைப்பின் கீழே ஒரு வசனம்: கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் தற்போது வதியும் 50 வயதுக்கு மேற்பட்டோர்.

'தற்போது வதியும்' என்ற அந்த இரண்டு சொற்களில்தான் பிரச்சினை. எவரும் கெட்ட நோக்கத்தோடு எழுதியதல்ல. கிராம அலுவலரிடம் பட்டியல் வாங்கி, அதிலிருந்து மாதிரியைத் தெரிவது எல்லா ஆய்வு முறையியல் வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிற வழி. ஆனால் 1985இல் தண்ணீரூற்றில் பதினைந்து வயதில் படம் பார்த்த ஒருவர் இன்று புத்தளத்திலோ கற்பிட்டியிலோ இருக்கலாம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே. வாக்குப் பதிவு அங்கே. மீள்குடியேறியவர்களிலும் பலர் இரண்டு ஊருக்கும் இடையில் போய்வருகிறவர்கள். பட்டியலில் அவர் பெயர் இராது. இப்படி எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு "1980களில் முல்லைத்தீவு மக்களின் திரைப்பட ரசனை" என்று முடிவுரை எழுதினால், அது 1980களின் முல்லைத்தீவு அல்ல. 1990இல் துப்பாக்கியால் செய்ததை 2020களில் வினாக்கொத்தால் செய்து முடித்ததாகிவிடும்.

புள்ளிவிபர ரீதியிலும் இது சின்ன விடயமல்ல. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. அதே காலத்தில்தான் மத்திய கிழக்கு உழைப்பில் ரீவியும் டெக்கும் ஊர்களுக்கு வரத்தொடங்கின. வெளிநாடு போன குடும்பங்களில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசம். ஒரு ஊரில் முதல் டெக் யார் வீட்டில் இருந்தது, யார் யார் அந்த வீட்டு முற்றத்தில் வந்து பாய் போட்டார்கள் என்பது ஆய்வின் நடுக்கேள்வி. அந்த வீட்டுக்காரரை விட்டுவிட்டு முற்றத்தில் இருந்தவர்களை மட்டும் கேட்டால் கதை பாதிதான் வரும். வேற்றுச் சமூகத்தவர் ஒரே முற்றத்தில் இருந்தார்களா, இல்லையா என்பதையே அறிய முடியாது போகும்.

கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாகப் பார்த்து 1981இல் எழுதியதில், தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமா தியேட்டர்தான் என்றார். சாதியை மனதில் வைத்துச் சொன்னது. எல்லா மாணவரும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள், ஒருவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. வன்னியில் அந்தக் கூரையின் கீழ் முஸ்லிம் ஆண் இருந்தாரா? முஸ்லிம் பெண் இருந்தாரா? இருந்தால் எந்த வரிசையில், எந்தக் காட்சிக்கு? மாணவியின் கையில் இருப்பது சிவத்தம்பியின் கூற்றை உரசிப் பார்க்கக்கூடிய ஆய்வு. அதற்குப் புத்தளத்துக்கு பஸ் ஏற வேண்டும். வவுனியாவிலிருந்து அநுராதபுரம் போய் அங்கிருந்து மாறினால் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரந்தான்.

போய்ச் சேர்ந்த பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. எங்கள் சமூகத்தில் சினிமா பற்றிக் கேட்டால் முதல் பதில் "நாங்க படமெல்லாம் பாக்கிறதில்ல மகன்" என்பதுதான். குறிப்பாக வயதான பெண்கள். ஹறாம் ஹலால் பேச்சு முப்பது நாற்பது வருடத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது இறுக்கம். இன்றைய மார்க்கப் பற்றோடு அன்றைய ஞாபகத்தைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அந்தப் பதிலை அப்படியே "பார்க்கவில்லை" என்று பெட்டியில் புள்ளடி போட்டுக்கொண்டு திரும்பினால் வேலை கெட்டது. கதையை வேறு பக்கத்தால் கேட்க வேண்டும். 'குலேபகாவலி', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று பெயரைச் சொன்னாலே சில முகங்கள் மாறும். 'பாவ மன்னிப்பு' படத்தில் சிவாஜி ரஹீமாக வந்ததை மறந்த மூத்த தலைமுறை முஸ்லிம் குறைவு. படம் பார்க்காதவர்களும் றேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டிருப்பார்கள். வீட்டுக்குள் இருந்த பெண்களுக்குப் பல படங்கள் காதால் பார்த்த படங்கள்தான். இதைத் திரைப்பட அனுபவமாக எடுப்பதா, வானொலி அனுபவமாக எடுப்பதா? எனக்குக் கேட்டால், இந்த ஒரு கேள்வியை வைத்தே தனி ஆய்வேடு எழுதலாம்.

பிரித்தானியாவில் 1930களில் படம் பார்த்தவர்களை அவர்களின் முதுமையில் நேர்கண்டு அனெற் கூன் 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த பதில்களில் படங்களின் கதை குறைவு. எந்த ஒழுங்கையால் நடந்து போனோம், யார் கையைப் பிடித்துக்கொண்டு போனோம், என்ன தின்றோம் என்பதே அதிகம். ஆகவே "உங்களுக்குப் பிடித்த நடிகர் யார்" என்ற கேள்வியை வினாக்கொத்திலிருந்து எடுத்துவிடும்படி மாணவியிடம் சொன்னேன். "படம் பாக்கப் போறதெண்டால் எந்த றோட்டால போவீங்க?" என்று கேளுங்கள். அந்த ரோட்டைச் சொல்லும்போதே ஊர் முழுக்க வந்துவிடும். ஊரை இழந்தவர்கள் றோட்டைச் சொல்லாமல் எதையும் சொல்லமாட்டார்கள்.

நூறு பேர் என்று போட்டிருந்தார். ஆறு மாத ஆய்வுக்கு நூறு நேர்காணல் நடவாத காரியம். ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்து ஆறு மணித்தியாலம் போகும். பன்னிரண்டு பேர் போதும், ஆனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை போக வேண்டும். முதல் தடவை சொல்லாததை இரண்டாம் தடவை சொல்வார்கள். யாரைத் தேடிப் போவது என்பதற்கும் வழியுண்டு. பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் வெளியேற்றப்பட்டவர்களின் இழப்புகள் பற்றி எழுதியவை இருக்கின்றன. குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வந்தது. எந்த ஊர்ச் சனம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேட இவை தொடக்கம். பிறகு பள்ளிவாசல் நிர்வாகம். நினைவை மட்டும் நம்பாமல் அந்தக் காலப் பத்திரிகைகளில் வந்த சினிமா விளம்பரங்களையும் புரட்ட வேண்டும். எந்தப் படம் எந்த வாரம் எந்த ஊரில் ஓடியது என்று அதில் இருக்கும். பழைய 'ஈழநாடு' இதழ்கள் 'நூலகம்' எண்ணிமத் தளத்தில் கிடைக்கின்றன, காசில்லை. தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' இல்லாமல் இந்தத் துறையில் கால்வைக்கவும் முடியாது.

எழுத்தாக்கும்போது இன்னொரு விடயம். ஒரு மாதிரிப் பக்கத்தை அனுப்பியிருந்தார். பேசியவரின் தமிழை முழுக்கப் பாடப்புத்தகத் தமிழாக மாற்றிவிட்டிருந்தார். முல்லைத்தீவில் பிறந்து முப்பது வருடம் புத்தளத்தில் வாழ்ந்தவரின் பேச்சில் வன்னித் தமிழும் புத்தளத் தமிழும் சிங்களச் சொல்லும் ஒன்றாக வரும். எந்தச் சொல் எந்த ஊரில் ஒட்டிக்கொண்டது என்பதே அவரது வாழ்க்கை வரலாறு. அதைத் திருத்தினால் ஆய்வின் தரவு அழிந்துபோகும். "வாசிக்கிறவங்களுக்கு விளங்காதே சேர்" என்றார். அடிக்குறிப்புப் போடுங்கள் என்றேன்.

இனிப் பயம் பற்றி. வழிகாட்டிப் புத்தகங்களில் இந்த அத்தியாயம் இல்லை. வன்னியில் 2009க்குப் பிறகு கேள்வி கேட்க வந்தவர்கள் கொஞ்சமல்ல. அரசாங்கம், தொண்டு நிறுவனம், வெளிநாட்டு ஆய்வாளர், புலனாய்வு, எல்லோரும் பதிந்துகொண்டு போனவர்கள்தான். கையில் கோப்போடு ஒரு பிள்ளை வந்தால் சனம் முதலில் நினைப்பது அதைத்தான். மற்றப் பக்கம் மாணவருக்கும் ஆபத்து. 1979இலிருந்து இருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னமும் நிழலாக நிற்கிற நாட்டில், 'நிதர்சனம்' வீடியோக்களைப் போனில் இறக்கிவைத்துக்கொண்டு சோதனைச்சாவடி தாண்டுவது புத்தியல்ல. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் அறபு எழுத்திருந்த கொப்பிகளையே ஒளித்துவைத்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் தன்னுடைய 'நவரசம்' கவிதைத் தொகுதிக்காக 2020 மேயில் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023இல் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு கவிதைப் புத்தகத்துக்கு அந்தப் பாடு என்றால் ஒரு மாணவியின் வன்தட்டுக்கு என்ன பாடு? ஆகவே துறைத்தலைவரின் கடிதம் கையில் இருக்க வேண்டும். பதிவுகள் பெயரில்லாமல் இலக்கத்தில் இருக்க வேண்டும். பார்த்த வீடியோவின் இணைப்பையும் நீளத்தையும் பார்த்த திகதியையும் குறித்தால் போதும், கோப்பைக் கையில் வைத்திருக்கத் தேவையில்லை. இயக்கத்தின் திரையிடல் பற்றி ஒருவர் பேச விரும்பாவிட்டால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு பட்டத்துக்காக எவரும் பொலிஸுக்குப் போகக் கூடாது.

முஸ்லிம்களை மட்டும் தனியாக எடுத்து "வடபுல முஸ்லிம்களும் சினிமாவும்" என்று தலைப்பிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனித் தலைப்பு கொடுத்தால் நாங்கள் ஒரு பின்னிணைப்பாகிவிடுவோம், வன்னி ஆய்வு வழமைபோல நாங்கள் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஆய்வில், ஒரே கேள்வியோடு, முள்ளியவளைத் தமிழ்க் குடும்பத்தையும் தண்ணீரூற்று முஸ்லிம் குடும்பத்தையும் அதே டெக்கைப் பற்றிக் கேட்க வேண்டும். இரண்டு பதிலும் பொருந்தாமல் போகலாம். ஒருவர் "எல்லாரும் ஒண்டாத்தான் இருந்து பாத்தம்" என்று சொல்ல, மற்றவர் "நாங்க வெளியில நிண்டு பாத்தம்" என்று சொல்லலாம். அல்லது இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்லலாம். எது வந்தாலும் அது வன்னியைப் பற்றிய புதிய அறிவு. அந்த வெளியேற்றம் பற்றி வன்னித் தமிழர் பலருக்கு வாய்திறக்கச் சங்கடம் என்பதும் எனக்குத் தெரியும். அரசியலாகக் கேட்டால் மூடிக்கொள்ளும் வாய், "அந்த ரீவி வீட்டுக்காரர் இப்ப எங்க?" என்று கேட்டால் திறக்கும்.

மாணவி களத்தை மாற்றி எழுதினார். புத்தளம் மாவட்டத்தில் ஆறு பேர், முல்லைத்தீவில் ஆறு பேர். மேற்பார்வையாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம், ஆய்வு முல்லைத்தீவு பற்றியதென்றால் புத்தளம் எப்படிக் களமாகும் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், அதற்கு எழுத்தில் பதில் கொடுக்கும்படி சொன்னேன். ஒன்றரைப் பக்கத்தில் கொடுத்தார், அனுமதி கிடைத்தது. தகவல் தந்தவர்களின் அட்டவணையில் 'மாவட்டம்' என்ற நிரலை இரண்டாகப் பிரித்திருக்கிறார்: 1990 ஒக்டோபருக்கு முன், இப்போது. ஒலிப்பதிவுகளின் பிரதியை யாரிடம் ஒப்படைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. பேசியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பிரதி கொடுக்கவேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் புத்தளத்தில் பிறந்தவர்கள், அந்த றோட்டைக் கண்டதில்லை.